அப்பா குரல் இருக்கும் பெட்டி... அம்மா ஏன் தொடவே இல்லை?

டி.வி. ஸ்டாண்டின் மேல், செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில், குரோஷா பின்னிய வெள்ளைத் துணி ஒன்று எதையோ மூடிக்கொண்டிருந்தது. போகியன்று காலை சென்னையிலிருந்து பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்த மகனின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். துணியைத் தூக்கினான். தீபாவளிக்கு வந்தபோது அவன் மாட்டிவிட்டுப் போன ராஸ்பெர்ரி பை. தொட்டால் விரல் சுட்டது.

"எம்மா, இதுக்கு எதுக்குத் துணி போட்டு மூடி வச்சிருக்க?"

"தூசி விழும்லா? பத்திரமா இருக்கட்டும்னுதான்."

அது காற்று வாங்க வேண்டிய சாமான். எண்பது டிகிரி செல்சியஸைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டி.வி.யும் அதுவும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்ததால், அம்மா சீரியல் பார்த்த நேரமெல்லாம் அதுவும் துணிக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

அவனைத் தைத்தது சூடு அல்ல. டி.வி.யை அந்தப் பெட்டிக்கு மாற்றிப் பார்த்தான். கோடி மென்பொருளில் ஒரு வீடியோவை முழுக்கப் பார்த்து முடித்தால் பக்கத்தில் சிறிய டிக் விழும். தீபாவளியன்று அவனே போட்டுக்காட்டிய ஒரே ஒரு வீடியோவுக்குத்தான் டிக் இருந்தது. இரண்டரை மாதமாக, போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லாத்தான் இருக்குய்யா" என்று சொன்ன அம்மா, ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை.

அப்பா இறந்து இரண்டரை வருடம் ஆகிறது. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1998-ல் துபாயிலிருந்து வந்த சித்தப்பா ஒரு ஹேண்டிகேம் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டு விசேஷம் எதுவானாலும் அப்பா கையில் கேமரா இருக்கும். எட்டு எம்.எம். கேசட்டுகள், ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம் ஓடுபவை, மொத்தம் பதினான்கு சேர்ந்தன. அக்கா சடங்கு, பெரியம்மா வீட்டுப் பால்காய்ச்சு, குற்றாலம், திருச்செந்தூர், ஆச்சி முறுக்கு சுற்றுவது, மழைக்கு வாசலில் தண்ணீர் நிற்பது எல்லாம் அதில் உண்டு.

ஒன்றே ஒன்றுதான் இல்லை. படம் எடுத்தவர் படத்தில் இல்லை. பதினான்கு கேசட்டிலும் அப்பாவின் முகம் வருவது கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால், குரல் இருக்கிறது. "இங்க பாருங்க, இங்க பாருங்க", "ஏல, மறைக்காத, தள்ளி நில்லு", "ஆச்சி, ஒரு சிரி சிரிங்க" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் பேசிக்கொண்டே இருப்பார். ஊரில் எந்தக் கல்யாண வீடியோகாரரும் செய்யாத தப்பு அது. படம் எடுக்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். அப்பாவுக்கு அது தெரியாமல் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

இந்தக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவதில் குறுக்குவழி கிடையாது. ஒன்றரை மணி நேரக் கேசட் ஒன்றரை மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். பழைய ஹேண்டிகேமிலிருந்து மஞ்சள், வெள்ளை வயர்களை எடுத்து, வீடியோ கேப்சர் என்கிற யு.எஸ்.பி. குச்சி வழியாக லேப்டாப்பில் சொருகி, போன வருடம் விடுமுறைக்கு விடுமுறை உட்கார்ந்து மாற்றினான் மகன். பதினோராவது கேசட் முடிந்ததும் கேமராவும் மூச்சை நிறுத்திக்கொண்டது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலான ரப்பர் உருளை, பல்சக்கரம். பழுது பார்க்கக் கொடுத்த கடையில் உதிரிபாகம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மூன்று கேசட்டுகள் அப்படியே மிச்சம்.

பதினாறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட வீடியோ. ஏறக்குறைய நாற்பது ஜி.பி. இதை அம்மா எப்படிப் பார்ப்பது? லேப்டாப்பை அவர் தொட மாட்டார். போன் திரை சின்னது, கண்ணாடி போட்டாலும் முகம் தெரியாது. டி.வி.யில் வர வேண்டும், டி.வி. ரிமோட்டிலேயே நகர வேண்டும். அப்போதுதான் ராஸ்பெர்ரி பை வாங்கலாம் என்று தோன்றியது அவனுக்கு.

ஏ.டி.எம். கார்டு அகலத்துக்கு ஒரே ஒரு பச்சைப் பலகை. அதில் ஒரு முழுக் கணினி. பிள்ளைகள் புரோகிராமிங் கற்றுக்கொள்ள மலிவாக ஒரு கணினி வேண்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் யோசித்து, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு விட்டார்கள். அன்று விலை 35 டாலர். பிள்ளைகள் எவ்வளவு படித்தார்களோ, பெரியவர்கள் அதை வாங்கி டி.வி.க்குப் பின்னால் ஒட்டவைத்தார்கள். அதில் ஓடுவதற்கென்றே கோடி என்ற இலவச மென்பொருளும் தயாராக இருந்தது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்ப்பதற்காக எழுதப்பட்டு, அதனால் எக்ஸ்.பி.எம்.சி. என்ற பெயரில் ஓடி, 2014-ல் பெயர் மாறியது.

தீபாவளியன்று இதை மகன் சொன்னபோது அம்மா கேட்டார்: "கோடியா? எடுத்துப் போடுத கோடித் துணியா?"

"அது வேறம்மா."

"நல்ல பேரு வச்சான்."

இணையத்தில் வீடியோ பார்த்தால் எல்லாம் இருபது நிமிட வேலை போலத் தெரியும். லிப்ரெலெக் என்ற இயங்குதளத்தை இறக்கி, மைக்ரோ எஸ்.டி. கார்டில் எழுதி, பையில் சொருகி, மின்சாரம் கொடுத்தால் நேராகக் கோடியில் போய் நிற்கும். அது உண்மையும்கூட. சுற்றியிருப்பவைதான் நேரத்தைத் தின்னும். அவன் வாங்கியது நான்காம் தலைமுறைப் பை. அதில் இருப்பது சாதாரண எச்.டி.எம்.ஐ. துளை இல்லை, மைக்ரோ வகை. வீட்டில் இருந்த வயர் சேரவில்லை. வயர் வந்த பிறகு, போன் சார்ஜரில் மாட்டினான். திரையின் மூலையில் மின்னல் குறி வந்து வந்து போயிற்று. மின்னழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். அதற்கென்று உள்ள 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் மாட்டிய பிறகுதான் மின்னல் ஓய்ந்தது.

அடுத்தது ரிமோட். எச்.டி.எம்.ஐ. வயருக்குள்ளேயே சி.இ.சி. என்ற ஒரு வசதி உண்டு. டி.வி. ரிமோட்டில் அமுக்குவதை டி.வி. வாங்கி, அந்த வயர் வழியாகப் பெட்டிக்குச் சொல்லிவிடும். தனி ரிமோட் தேவையில்லை. ஆனால், பல டி.வி.களில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதன் பெயரையும் ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறார்கள். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். இந்தப் பெயர் தெரியாமல் செட்டிங்ஸுக்குள் அலைந்தே ஒரு மாலை போயிற்று.

முகப்பில் தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றியதும் கட்டங்கள் போய் எழுத்து வந்தது. உற்சாகம் தாங்காமல், அப்பா வாங்கி வைத்திருந்த பழைய பட டி.வி.டி.களையும் மாற்றி ஏற்றினான். ஒவ்வொரு படத்துக்கும் போஸ்டர், நடிகர்கள், வருடம் என்று அலமாரி அலமாரியாகத் திரையில் வந்து நின்றது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கை ஒரு கூட்டில் போட்டு அதோடு இணைத்தான். தீபாவளியன்று எல்லாரையும் உட்காரவைத்துக் காட்டினான். அம்மா பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அவன் பஸ் ஏறிவிட்டான்.

அவன் தனக்குப் பிடித்த மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தான் என்பது இப்போது, போகியன்று, ரிமோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தபோதுதான் உறைத்தது. டி.வி. போட்டதிலிருந்து குற்றாலம் வீடியோ ஓடும்வரை ஒன்பது தடவை பட்டனை அமுக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒன்று தப்பினால் வானிலை, வானொலி என்று எங்கேயோ போய் நிற்கும்.

"கஷ்டமா இருந்துச்சாம்மா?"

"கஷ்டம்லாம் இல்ல. நீதான் சொல்லிக்குடுத்தியே, நோட்டுல எழுதிக்கூட வச்சேன்." உண்மைதான். காலண்டருக்குப் பின்னால் சொருகியிருந்த பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை வரிசையாக எழுதியிருந்தார்.

"அப்புறம் ஏன் போடல?"

அம்மா கொஞ்ச நேரம் அவல் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் எதையாவது மாத்தி அமுக்கி, அதெல்லாம் அழிஞ்சு போச்சுன்னா? காமிராவும் கெட்டுப் போச்சுன்னுட்ட. பொறகு உங்கப்பா சத்தத்துக்கு நான் எங்க போவேன்?"

"அதெல்லாம் அழியாதும்மா" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

ரிமோட்டால் அழியாது என்பது உண்மை. கோப்புகளை அழிக்கும், பெயர் மாற்றும் வசதியைக் கோடி முதலிலேயே அணைத்துத்தான் வைத்திருக்கும். நாமாகப் போய் அனுமதித்தால்தான் உண்டு. ஆனால், அம்மா கேட்ட கேள்வியின் இன்னொரு பாதிக்கு அவனிடம் பதில் இல்லை. இது போய்விட்டால் வேறு எங்கே இருக்கிறது? லேப்டாப்பில் இருந்த பிரதியை, இடம் போதவில்லை என்று நவம்பரில் அவனே அழித்திருந்தான். கேசட்டுகள் இருக்கின்றன, போட்டுப் பார்க்க கேமரா இல்லை. அப்பாவின் குரல் இந்த உலகத்தில் இருந்தது ஒரே இடத்தில். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய அந்த ஹார்டு டிஸ்க்கில். அதையும் தினமும் ராத்திரி, கரென்ட் வீணாகக் கூடாது என்று அம்மா எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு சேர்த்துப் பட்டென்று அணைத்துக்கொண்டிருந்தார். அணைக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பையில் அணைக்கும் பட்டன் என்று ஒன்று கிடையவும் கிடையாது.

கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற மகனுக்குத் தோன்றாத கேள்வி, அதைத் தொடவே பயந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது.

போகி சாயங்காலம், தெருவில் கரும்பு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வண்டியை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போனான். ஒரு எஸ்.எஸ்.டி.யும், 128 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றும் வாங்கிவந்தான். ஒன்பது மணிக்குப் பிரதி எடுக்க ஆரம்பித்தான். ஆறு கேசட்டுகள் ஒழுங்காக வந்தன. ஏழாவதில், பச்சைக் கோடு கடைசிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சன்னமாக ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும்.

நின்றதைத் தள்ளிவைத்துவிட்டு மீதி நான்கையும் முதலில் எடுத்தான். அது சரியான முடிவு. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் கெட்ட இடத்தையே திரும்பத் திரும்பச் சுரண்டினால் நல்ல இடமும் போய்விடும். பிறகு ஏழாவதுக்கு வந்தான். டி.டி.ரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. படிக்க முடியாத இடத்தை விட்டுத் தாண்டி, படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில் நிதானமாகத் திரும்பி வரும். ராத்திரி ஒன்றரை மணி வரை அது போராடியது. கடைசி ஆறு நிமிடம் மட்டும் வரவே இல்லை.

பொங்கல் பானை இறங்கிய பிறகு அம்மாவிடம் சொன்னான். "எம்மா, குற்றாலத்துல கடைசி கொஞ்சம் போயிருச்சு. நீ ஒண்ணும் பண்ணல. நான் போட்ட டிஸ்க்தான் பழசு."

அம்மா அதிரவில்லை. "கடைசின்னா, அந்தக் கொரங்கா?"

"எந்தக் கொரங்கு?"

"ஐந்தருவில குளிச்சிட்டு வந்து உக்காந்திருந்தோம்லா. நீ வாழப்பழத்த வச்சிட்டு இருந்த, மஞ்சச் சட்டை போட்டிருந்த. கொரங்கு வந்து பிடுங்கிட்டு ஓடுச்சு. நீ கத்துத, உங்க அக்கா சிரிக்கா. உங்கப்பா, பிள்ளையத் தூக்காம, 'ஏல அழாத, அழாத, கொரங்கப் பாரு, எப்படி உரிக்கு பாரு'ன்னு படம் எடுத்துட்டே இருந்தாரு. நான் வஞ்சேன். அதுலதான் காமிரா கீழ எறங்கி உங்கப்பா செருப்பு தெரியும். அதோட முடிஞ்சிரும்."

ஆறு நிமிடமும் அப்படியே வந்துவிட்டது. இரண்டு தடவை போட்டுப் பார்த்திருக்கும் மகனுக்கு அந்தச் செருப்பு ஞாபகத்தில் இல்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய ஒரு கணக்கு உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. மகனுக்கு அது முன்பே தெரியும். ஆபீஸில் மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறான். காணும் பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த அக்காவிடம் பென் டிரைவைக் கொடுத்து, "பீரோவுல நகையோட வை" என்றான். இன்னொரு பிரதி அவனுடைய லேப்டாப்பில். பையில் இருப்பது எஸ்.எஸ்.டி. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னான்:

"எம்மா, அப்பா இப்ப மூணு ஊர்ல இருக்காரு. இங்க, மெட்ராஸ்ல, கோயம்புத்தூர்ல. இத நீ தூக்கிக் கீழ போட்டு ஒடைச்சாலும் ஒண்ணும் ஆவாது. நான் வேற வாங்கி, அதே மாதிரி மாட்டிருவேன். என்ன வேணா அமுக்கு."

"ஒடைச்சாலுமா?"

"ஒடைச்சாலும்."

ரிமோட்டை அம்மா முதல் தடவையாக அவராகக் கேட்டு வாங்கினார்.

மிச்ச வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. படங்களின் போஸ்டர் அலமாரி முழுக்கப் போயிற்று. கோடியின் முகப்பில் வேண்டாத வரிகளை ஒவ்வொன்றாக மறைக்க முடியும். வானிலை, வானொலி, நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் மறைத்து, 'பிடித்தவை'யை மட்டும் விட்டான். அதற்குள் பதினோரு ஃபோல்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஃபோல்டர்.ஜேபிஜி என்ற பெயரில் ஒரு படத்தைப் போட்டால், வெளியே அந்தப் படமே முகப்பாக வரும். ஆச்சி முகம் தெரிந்தால் முறுக்கு. அக்கா பட்டுப்பாவாடையில் நின்றால் சடங்கு. படிக்கவே வேண்டாம். ஒன்பது அமுக்கல், நான்காகக் குறைந்தது. ரிமோட்டில் எந்தப் பட்டனில் தொடங்க வேண்டும் என்பதற்கு அம்மாவே ஒரு வழி செய்தார். நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினார். அவர் இப்போது வைப்பது சின்னக் கறுப்புப் பொட்டு. சாம்பல் நிற ரிமோட்டில் அது நன்றாகத் தெரிகிறது.

பைக்குத் தனி பிளக் பாயிண்ட் கொடுத்தாயிற்று. இதை அணைக்க வேண்டாம் என்றதும் கரென்ட் பில் பேச்சு வந்தது. சும்மா நிற்கும்போது அது எடுப்பது மூன்று வாட்டுக்குப் பக்கம். இரவு பகல் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு நாலைந்து யூனிட்தான். "நூறு யூனிட்டு சும்மாதான தாராங்க, அதுல போட்டும்" என்று அம்மா கணக்கை முடித்தார். குரோஷா துணி செட்டாப் பாக்ஸுக்கு மாறியது. அதற்கும் சூடு ஆகும்தான். அதைச் சொல்ல மகன் துணியவில்லை.

பிப்ரவரி மாதத்தில் ஒருநாள், ராத்திரி எட்டரைக்கு அம்மாவிடமிருந்து போன். பின்னணியில் அப்பாவின் குரல் கேட்டது. யாரையோ தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கரென்ட் போய்ட்டு வந்துச்சு. அதுவே தானா வந்து நின்னுருச்சு, நான் பொட்ட அமுக்கிப் போட்டுட்டேன். அடுத்த வீட்டு அக்காவும் வந்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரரு பந்தி பரிமாறுதது இதுல இருக்குல்லா, பாத்துட்டு அழுதுட்டாங்க."

"சரிம்மா."

"அதுக்குக் கூப்பிடல. அந்த மூணு கேசட்டு மிச்சம் கெடக்குல்லா. அதுக்கு வேற காமிரா கெடைக்குமான்னு பாரு. எவ்வளவு ஆனாலும் நான் தாரேன்."

பழைய எட்டு எம்.எம். கேசட்டைப் போடக்கூடிய டிஜிட்டல் எயிட் ரகக் கேமராக்கள் சில, இன்னும் எங்கேயோ யார் வீட்டுப் பரணிலோ இருக்கின்றன. ஓடுகிற நிலையில் ஒன்று கிடைக்குமா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறான். மூன்று கேசட்டில் ஒன்றின் முதுகில் அப்பாவின் கையெழுத்தில் '2001 சித்திரை விசு' என்று இருக்கிறது. மற்ற இரண்டில் எதுவும் எழுதவில்லை.